கழித்தல் விடை எதிர்மறையான இரவு: இரு நேரங்களுக்கு இடையிலான வேறுபாடு குறித்த நிகழ்வு ஆய்வு

2017 ஜனவரி 1 அன்று, யூடிசி என்னும் உலகப் பொது நேரப்படி சரியாக நள்ளிரவில், இணையதளங்களுக்குப் பின்னணிச் சேவைகள் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவைக்கு (இணையப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைச் சொல்லும் சேவை) வந்த வினவல்களில் ஒரு பகுதி விடை கிடைக்காமல் தோல்வியுறத் தொடங்கியது. பத்து நிமிடங்களில் பொறியாளர்களுக்குத் தகவல் எட்டியது. 00:34 மணிக்குக் கோளாறு உறுதியானது. தற்காலிகத் திருத்தம் 00:55 மணிக்கு ஒரே ஒரு கணினியில் சோதித்துப் பார்க்கப்பட்டு, படிப்படியாகப் பிற மையங்களுக்கும் அனுப்பப்பட்டது. பாதிப்பு முற்றிலும் நீங்கியபோது மணி 06:45. உச்சக்கட்டத்தில் டிஎன்எஸ் வினவல்களில் ஏறத்தாழ 0.2 விழுக்காடும், இணையப் பக்கங்களைக் கேட்கும் எச்டிடிபி கோரிக்கைகளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானவையுமே பாதிக்கப்பட்டன. நிறுவனத்துக்கு அப்போதிருந்த 102 தரவு மையங்களிலும் சிக்கலுக்கு உள்ளான கணினிகள் சொற்பமே.

இவை சிறிய எண்கள்தாம். ஆயினும் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கோளாறின் வேர், எந்த நிரலாளரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காமல் எழுதக்கூடிய ஒரே வரியில் இருந்தது: இப்போதைய நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழி. நிறுவனம் அந்த வரியையும் திருத்தத்தையும் மறைக்காமல் தன் அறிக்கையில் வெளியிட்டதால், வெளியாரும் அதைப் பின்தொடர்ந்து ஆராய முடிகிறது.

வரியிலிருந்து முறிவு வரை

அந்நிறுவனம் தன் தேவைக்கென எழுதிக்கொண்ட ஆர்ஆர்டிஎன்எஸ் என்னும் டிஎன்எஸ் மென்பொருள் கோ என்னும் நிரல்மொழியில் அமைந்தது. ஒரு வாடிக்கையாளரின் பெயர்ப்பதிவு வேறொரு பெயரைச் சுட்டும் சிநேம் வகையாக இருந்தால், அந்த இரண்டாம் பெயரின் முகவரியை அறிய ஆர்ஆர்டிஎன்எஸ் முகவரியைத் தேடித் தரும் வேறொரு சேவையகத்தைக் (டிஎன்எஸ் ரிசால்வரைக்) கேட்க வேண்டும். கேட்கக்கூடிய ரிசால்வர்கள் பல இருப்பதால், எது விரைவாகப் பதில் தருகிறது என்பதை அளந்து வைத்து, விரைவானவற்றுக்குக் கூடுதல் வாய்ப்புத் தரும் முறையில் தற்போக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

அளவீடு எளிமையானது. கேள்வி அனுப்பும்போது டைம்.நவ் என்னும் செயற்கூறு தரும் நேரத்தை ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டியது. பதில் வந்ததும் மீண்டும் டைம்.நவ் அழைத்து, அதிலிருந்து முந்தைய நேரத்தைக் கழிக்க வேண்டியது. கிடைக்கும் விடை, பதில் வர ஆன நேரம். அதை முந்தைய அளவீடுகளோடு கலந்து, திடீர் ஏற்ற இறக்கங்கள் அடங்கிய ஒரு சராசரியாக வைத்துக்கொள்கிறார்கள். தேர்வு செய்யும் இடத்தில் அந்தச் சராசரி மதிப்பு, கோ மொழியின் தற்போக்கு எண்களைத் தரும் இன்ட்63என் என்னும் செயற்கூறுக்கு மேல் எல்லையாகச் செல்கிறது. பூஜ்யமோ எதிர்மறை எண்ணோ மேல் எல்லையாக வந்தால் அந்தச் செயற்கூறு பேனிக் என்னும் அவசரப் பிழையை எழுப்பி நின்றுவிடும். ஆர்ஆர்டிஎன்எஸ் அந்தப் பேனிக்கைப் பிடித்துக்கொண்டதால் சேவை முழுவதும் விழவில்லை. ஆனால் அந்த வினவலுக்கு விடை கிடைக்கவில்லை.

பூஜ்யம் வரக்கூடும் என்பதை எழுதியவர் எதிர்பார்த்திருந்தார். மதிப்பு பூஜ்யத்துக்குச் சமமாக இருந்தால் வழக்கமான காலக்கெடுவை அதற்குப் பதிலாக வைத்துக்கொள் என்று ஒரு நிபந்தனை முன்னதாகவே இருந்தது. கழித்தலின் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதற்கு மட்டும் நிரலில் இடமில்லை. நேரம் முன்னோக்கியே ஓடும் என்ற நம்பிக்கை எந்த இடத்திலும் எழுதப்படாமலேயே நிரலின் அடித்தளமாக இருந்திருக்கிறது.

கடிகாரம் பின்னே போன விதம்

புவியின் சுழற்சி சீரானதன்று. அணுக் கடிகாரங்களின் நேரத்துக்கும் புவிச் சுழற்சியால் அமையும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி பெருகிவிடாதபடி, 1972 முதல் யூடிசியில் அவ்வப்போது ஒரு விநாடியைச் செருகி வருகிறார்கள். இதுவரை அவ்வாறு செருகப்பட்ட லீப் விநாடிகள் 27. அவற்றுள் கடைசி, 2016 டிசம்பர் 31 அன்று 23:59:60 என்னும் குறியோடு வந்தது. கணினிகளில் பரவலாகப் புழங்கும் யூனிக்ஸ் நேரக் கணக்கிலோ ஒரு நாளுக்கு எப்போதும் 86,400 விநாடிகள்தாம். 60 என்ற விநாடிக்கு அதில் எண்ணே கிடையாது. ஆகவே லினக்ஸ் அந்த இடத்தில் கடிகாரத்தை ஒரு விநாடி பின்னுக்குத் தள்ளி, 23:59:59ஐ இரண்டாம் முறை ஓட விடுகிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். ஒரு வினவல் 23:59:59.998க்குப் புறப்படுகிறது, பதில் 4 மில்லிவிநாடியில் வந்துவிடுகிறது. கடிகாரம் தள்ளப்படாவிட்டால் பதில் வந்த நேரம் 00:00:00.002 என்றிருக்கும், தள்ளப்பட்டதால் 23:59:59.002 என்று காட்டும். கழித்தால் விடை −996 மில்லிவிநாடி. ரிசால்வர் மெதுவானதாக இருந்து பதிலுக்கு ஒன்றரை விநாடி எடுத்துக்கொண்டிருந்தால், அதே தள்ளல் நடந்தும் விடை 500 மில்லிவிநாடி என்று நேர்மறையாகவே வந்திருக்கும்; எவரும் எதையும் கவனித்திருக்க மாட்டார்கள். சில மில்லிவிநாடிகளில் பதில் வரும்படி அமைப்பை மெருகேற்றி வைத்திருந்ததே அன்றைய இரவு எதிர்மறை எண்ணுக்கு வழி திறந்தது என்பது இந்த நிகழ்வின் வினோதம்.

லீப் விநாடி கணப்பொழுதில் கடந்துவிட்ட பிறகும் பாதிப்பு ஏன் நீடித்தது என்ற கேள்விக்கு விடை சராசரியில் இருக்கிறது. நிறுவனம் எந்த எடையில் கலந்தது என்பதை விட்டுவிட்டு, இணையத் தரவுப் பரிமாற்றத்துக்கான டிசிபி நெறிமுறையில் வழக்கமான எட்டில் ஒரு பங்கு எடையை வைத்துக் கணக்கிடுவோம். சராசரி 5 மில்லிவிநாடியாக இருக்கையில் −996 என்ற ஒரே அளவீடு கலந்தால் அது ஏறத்தாழ −120 ஆகிவிடும். அதன் பிறகு வரும் ஒவ்வோர் அளவீடும் ஒழுங்காக 5 மில்லிவிநாடி என்றே வந்தாலும், சராசரி பூஜ்யத்துக்கு மேலே ஏற 25 அளவீடுகள் தேவை. தேர்வு நடந்தால்தான் புதிய அளவீடு கிடைக்கும். எதிர்மறை எண்ணால் தேர்வே முறிந்தால் அந்த 25 அளவீடுகள் வருவது எப்படி? ஏற்ற இறக்கங்களை அடக்குவதற்காக வைத்த ஏற்பாடு, ஒரு கண நேரப் பிழையை நினைவில் வைத்துக் காக்கும் ஏற்பாடாக மாறிவிடுகிறது.

ஓர் எழுத்துத் திருத்தமும் அதன் எல்லையும்

அன்றிரவு செய்த திருத்தம் ஓர் எழுத்து அளவே. பூஜ்யத்துக்குச் சமமா என்று கேட்ட நிபந்தனை, பூஜ்யமோ அதற்குக் குறைவோ என்று கேட்கும்படி மாற்றப்பட்டது. நள்ளிரவில், உலகெங்கும் பரவிய கணினிகளுக்கு அவசரமாக அனுப்ப வேண்டிய திருத்தம் இப்படித்தான் இருக்க வேண்டும்: சிறியது, படித்த உடனே சரியென்று உறுதி செய்துகொள்ளக்கூடியது. அந்த முடிவில் குறை காண ஒன்றுமில்லை.

ஆனால் அதுவே நிரந்தரத் தீர்வு என்று வைத்துக்கொள்ள முடியாது. எதிர்மறை எண்ணைத் தடுக்கும் நிபந்தனை, பிழையான அளவீடுகளில் கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டுமே தடுக்கிறது. ஒன்றரை விநாடியை அரை விநாடியாகக் காட்டிய அளவீடு அந்தச் சல்லடையில் சிக்காது. கடிகாரம் பின்னே போவதற்கு லீப் விநாடி மட்டும் காரணமன்று என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேர ஒத்திசைவுச் சேவையான என்டிபி, கணினியின் கடிகாரம் வெகுவாக முந்திவிட்டால் அதைத் திருத்தும். நிர்வாகி கையால் மாற்றலாம். மெய்நிகர் இயந்திரம் உறைந்து மீளும்போது நேரம் தாவலாம். இவற்றுக்கு முன்னறிவிப்புக்கூடக் கிடையாது.

வேறு மொழிகளில் இதே தவறான கழித்தல் வேறு முகங்களோடு வெளிப்படும். பைத்தானில் −996 மில்லிவிநாடி என்னும் டைம்டெல்டா (கால இடைவெளி மதிப்பு), உள்ளே −1 நாள், 86,399 விநாடி, 4,000 மைக்ரோவிநாடி என்று பிரித்து வைக்கப்படுகிறது. டோட்டல்_செகண்ட்ஸ் என்ற செயற்கூறை அழைக்காமல் செகண்ட்ஸ் என்ற பண்பை மட்டும் எடுத்துப் படிக்கும் நிரல், 4 மில்லிவிநாடியில் வந்த பதிலுக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆனதாகப் புரிந்துகொள்ளும். சி மொழியில் எதிர்மறையை ஏற்காத, குறியற்ற 32 பிட் எண்ணாக மில்லிவிநாடிகளைக் கழித்திருந்தால் விடை 4,294,966,300, அதாவது 49 நாளுக்கும் மேல். கோ மொழியில் எழுந்த பேனிக் இவற்றோடு ஒப்பிட்டால் நன்மையே. தவறு நடந்தது என்று அது சத்தமிட்டுச் சொன்னது.

எந்தக் கடிகாரத்தைக் கேட்பது

இயங்குதளங்கள் நெடுங்காலமாகவே இரண்டு கடிகாரங்களை வைத்திருக்கின்றன. ஒன்று, இப்போது தேதி என்ன, மணி என்ன என்று சொல்வது; திருத்தங்களுக்கு உட்பட்டது; முன்னும் பின்னும் நகரக்கூடியது. மற்றொன்று மோனோடோனிக் கடிகாரம்; அது காட்டும் எண்ணுக்கும் நாட்காட்டிக்கும் தொடர்பில்லை; ஆனால் ஒருபோதும் பின்னே போகாது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கேள்விக்கு இரண்டாவதையே கேட்க வேண்டும். பைத்தானில் 3.3 பதிப்பு முதல் டைம்.மோனோடோனிக், ஜாவாவில் நானோடைம், சி++11இல் ஸ்டெடி_கிளாக், உலாவிகளில் பெர்ஃபார்மன்ஸ்.நவ் ஆகியவை இதற்கென உள்ளவை. ரஸ்ட் மொழியில் இருவகை நேரங்களும் தனித்தனி இனங்கள். அவற்றுள் தேதியும் மணியும் சொல்லும் கணினி நேரங்கள் இரண்டைக் கழித்தால் விடையாக வெறும் எண் கிடைக்காமல், பிழையாகவும் இருக்கக்கூடிய ஒரு முடிவே கிடைக்கும். அதைக் கையாளாமல் நிரலாளர் நகர முடியாது. என் பார்வையில் இதுவே மிக நேர்மையான வடிவமைப்பு.

அன்றைய கோ மொழியின் அடிப்படை நூலகம் மோனோடோனிக் கடிகாரத்தை நிரலாளருக்கு வெளிப்படையாகத் தரவில்லை. அது வேண்டும் என்ற கோரிக்கை இந்த நிகழ்வுக்கு முன்பே பதிவாகி நிலுவையில் இருந்தது. 2017 ஆகஸ்டில் வந்த 1.9 பதிப்பு இதைத் தீர்த்த முறை கவனத்துக்குரியது. புதிய செயற்கூறு ஒன்றைச் சேர்த்து, உலகிலுள்ள நிரல்களையெல்லாம் திருத்தச் சொல்வதற்குப் பதிலாக, டைம்.நவ் தரும் மதிப்புக்குள்ளேயே இரு கடிகாரங்களின் எண்களையும் சேர்த்து வைத்தார்கள். இரு மதிப்புகளிலும் மோனோடோனிக் எண் இருந்தால் கழித்தல் அதையே பயன்படுத்தும். ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த கழித்தல் வரிகள், ஓர் எழுத்தும் மாறாமல், மறுதொகுப்பு செய்த அளவில் சரியாகிவிட்டன.

இதற்கும் எல்லைகள் உண்டு. அந்த நேர மதிப்பைத் தரவுத்தளத்தில் சேமித்தாலோ, ஜேசன் என்னும் உரை வடிவில் வேறொரு கணினிக்கு அனுப்பினாலோ, மோனோடோனிக் எண் உதிர்ந்துவிடும். மீண்டும் படித்துக் கழிக்கும்போது பழைய கழித்தலே நடக்கும். கணினியை மறுபடி தொடங்கினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. இரு கணினிகளின் மோனோடோனிக் எண்களை ஒப்பிடுவதற்கும் பொருளில்லை. லினக்ஸில் வழக்கமான மோனோடோனிக் கடிகாரம் கணினி உறக்கத்தில் இருக்கும் நேரத்தைச் சேர்ப்பதில்லை. அந்த நேரமும் வேண்டுமானால் பூட்டைம் என்னும் வேறு கடிகாரத்தைக் கேட்க வேண்டும். ஆக, ஒரே இயக்கத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அளக்க மட்டுமே இது தகுந்தது. நேற்று ஒரு கணினியில் பதிவானதற்கும் இன்று வேறொன்றில் பதிவானதற்கும் உள்ள இடைவெளியைத் தேதியும் மணியும் கொண்டுதான் கணக்கிட்டாக வேண்டும். அங்கே விடை எதிர்மறையாகவும் வரலாம் என்பதை ஏற்று, அதற்கான பாதையை நிரலில் எழுதி வைக்க வேண்டும்.

நாட்களைக் கழிக்கும்போது

கழிந்த நேரத்தை அளக்கையில் நாட்காட்டி குறுக்கிட்டதால் நேர்ந்தது கிளவுட்ஃபிளேர் நிகழ்வு. இதன் மறுதலை அன்றாட நிரல்களில் இன்னும் மிகுதி: நாட்காட்டி வேறுபாடு வேண்டிய இடத்தில் கழிந்த நேரத்தை அளப்பது. இரு தேதிகளை மில்லிவிநாடிகளாக்கிக் கழித்து, 86,400,000ஆல் வகுத்து, கீழ்நோக்கி முழுமையாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வரியை அறியாதவர் அரிது. நியூயார்க் நேர மண்டலத்தில் 2024 மார்ச் 9 நள்ளிரவு முதல் மார்ச் 11 நள்ளிரவு வரை இந்த வரியை ஓட்டினால் விடை 1. மார்ச் 10 அன்று அதிகாலை 2 மணிக்குக் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரம் 3க்குத் தாவியதால், இடைப்பட்ட நேரம் 47 மணி. 47ஐ 24ஆல் வகுத்தால் 1.96, கீழ்நோக்கி முழுமையாக்கினால் ஒரு நாள் காணாமற்போகிறது. மேல்நோக்கி முழுமையாக்கித் தப்பிக்கப் பார்த்தால், நவம்பர் 3 அன்று 25 மணி நேர நாள் வந்து ஒரு நாளைக் கூட்டிவிடும்.

பைத்தான் இதே இரு நேரங்களுக்கு வேறு விடை சொல்கிறது, அதுவும் பலர் எதிர்பாராத விதத்தில். இரு நேரங்களும் ஒரே நேர மண்டலப் பொருளைச் சுமந்திருந்தால், கழிக்கும்போது மண்டலத்தையே கண்டுகொள்ளாமல் சுவர்க் கடிகாரத்தில் தெரியும் எண்களை மட்டும் கழித்து, 2 நாள் என்று சொல்லும். இரண்டையும் யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் 47 மணி என்று சொல்லும். இரண்டும் தத்தம் கேள்விக்குச் சரியான விடைகளே. எந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்பது நிரல் வரியைப் பார்த்தால் தெரியாது என்பதுதான் இடர்ப்பாடு. ஜாவா 8இல் வந்த நேர நூலகம் இதைப் பிரித்து வைக்கிறது: டியூரேஷன் என்றால் 47 மணி, குரோனோயூனிட்டின் டேஸ் என்றால் 2 நாள். எழுதுபவர் கேள்வியைப் பெயரிலேயே சொல்லியாக வேண்டும்.

இடைவெளி எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதற்குச் சமோவா சான்று. அந்நாடு 2011இல் பன்னாட்டுத் தேதிக்கோட்டின் மறுபுறத்துக்கு மாறியபோது டிசம்பர் 30 என்ற நாளையே விட்டுவிட்டது. 29 வியாழனுக்கு அடுத்து 31 சனி. 29இன் நள்ளிரவுத் தொடக்கத்திலிருந்து 31இன் தொடக்கம் வரை கழிந்தது 24 மணி. தேதிகளைக் கழித்தால் 2. வட்டிக்கும் வாடகைக்கும் எது பொருந்தும் என்பதை எந்த நூலகமும் முடிவு செய்து தராது. அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய விடை.

மாதக் கணக்கைப் பொறுத்தவரை, கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று மீட்டுத் தராது என்பதை மட்டும் சொல்லிவிடலாம். ஜாவாவில் 2024 ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 29. அதே இரு தேதிகளின் வேறுபாட்டைக் கேட்டால் ஒரு மாதம் என்று வராது, 29 நாள் என்றே வரும். ஆண்டுக் கணக்கும் இப்படியே. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் என்னும் மேகக் கணிமைச் சேவை முடங்கியதன் தொடக்கம், அன்றைய தேதியில் ஆண்டை மட்டும் ஒன்று கூட்டி, 2013 பிப்ரவரி 29 என்னும் இல்லாத நாளில் காலாவதியாகும் சான்றிதழை உருவாக்க முயன்றதுதான்.

சோதனையில் சேர வேண்டியவை

ஆர்ஆர்டிஎன்எஸ் நிரலில் இந்தப் பிழையை முன்கூட்டியே பிடிக்க லீப் விநாடிக்காகக் காத்திருக்கத் தேவையிருந்ததில்லை. நேரத்தைத் தரும் செயற்கூறை வெளியிலிருந்து அளபுருவாகப் பெறும்படி நிரலை அமைத்து, சோதனையில் தொடக்கத்துக்கு முந்தைய நேரத்தை முடிவாகக் கொடுத்திருந்தால், தேர்வுச் செயற்கூறு முதல் ஓட்டத்திலேயே முறிந்திருக்கும். இவ்வகைச் சோதனையில் முடிவு தொடக்கத்துக்குச் சமமாக இருப்பது, முன்னதாக இருப்பது, மிகத் தொலைவில் இருப்பது என்ற மூன்றையும் வைப்பது பயனளிக்கும். நாட்களைக் கணக்கிடும் நிரலுக்கு 23 மணி நாளும் 25 மணி நாளும் கொண்ட மண்டலம் ஒன்றைத் தேர்ந்து ஓட்ட வேண்டும். சோதனைக் கணினி யூடிசியில் மட்டும் இயங்கினால் இந்தப் பிழைகள் அங்கே ஒருபோதும் தலைகாட்டா.

சில பெரிய அமைப்புகள் கடிகாரத்தைப் பின்னே தள்ளாமல், கூடுதல் விநாடியை 24 மணி நேரத்துக்கு மெல்லப் பரப்பிவிடும் முறையைக் கையாள்கின்றன. அதில் எதிர்மறை விடை வராது. ஆனால் பரப்பும் கணினியின் நேரத்தையும் பரப்பாத கணினியின் நேரத்தையும் கழித்தால், அந்த நாளில் அரை விநாடி வரை பொய் கலந்திருக்கும்.

2022 நவம்பரில் கூடிய எடை மற்றும் அளவைகளுக்கான பொது மாநாடு, 2035க்குள் இந்த ஏற்பாட்டை மாற்றி, யூடிசிக்கும் புவி நேரத்துக்கும் இடையே இன்னும் பெரிய இடைவெளியை அனுமதிக்கத் தீர்மானித்தது. அதற்குள் புவியின் சுழற்சி விரைந்தால், இதுவரை ஒருமுறைகூடப் பயன்படாத எதிர்மறை லீப் விநாடி தேவைப்படலாம். அப்போது 23:59:58க்குப் பின் நேரடியாக 00:00:00 வரும். 2017இல் சேர்த்த ஓரெழுத்து நிபந்தனைக்கு அங்கே வேலையில்லை. 4 மில்லிவிநாடியில் வந்த பதில் 1,004 மில்லிவிநாடி என்று பதிவாகும். எந்தச் செயற்கூறும் பேனிக் எழுப்பாது. விரைவான ரிசால்வர்கள் சிறிது நேரம் மெதுவானவையாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும். பதிவேடுகளில் அதற்கான தடயம் எதுவும் இருக்காது.